பிக்கப் சரக்குந்தின் உள்விளக்கு மின்சுற்று

பிக்கப் சரக்குந்தின் உள்விளக்கு மின்சுற்று என்பது, சிறு சரக்கு ஊர்தி ஒன்றின் ஓட்டுநர் அறையிலுள்ள கூரைவிளக்கையும், அவ்வறைக்குப் பின்னே சரக்குத் தளத்தை நோக்கி அமைந்த சரக்குவிளக்கையும் எரியச் செய்யும் குறைந்த மின்னழுத்தச் சுற்று ஆகும். ஊர்தியின் பிற மின்சுற்றுகளோடு ஒப்பிடுகையில் இது மிக எளியது. ஓர் உருகி, ஒன்றிரண்டு மின்குமிழ்கள், இரண்டு கதவு ஆளிகள், சில மீட்டர் மெல்லிய கம்பி ஆகியவையே இதன் உறுப்புகள். எனினும் ஊர்திக்கு வயதாகும்போது முதலில் பழுதாகும் சுற்றுகளில் இதுவும் ஒன்று. இவ்விளக்குகள் எரியாமற் போவதற்கும், அணையாமல் நின்று மின்கல அடுக்கை வெறுமையாக்குவதற்கும் பல வேளைகளில் மின்குமிழோ உருகியோ காரணமாக இருப்பதில்லை. கதவுச் சட்டத்திலுள்ள ஆளி, கம்பி ஊர்தியின் உடலோடு சேரும் இடம், கம்பி உராயும் விளிம்பு ஆகிய மூன்றுமே முதலில் பார்க்கத் தக்கவை.

பெயரும் பின்னணியும்

ஓட்டுநர் அறையும் திறந்த சரக்குத் தளமும் கொண்ட ஊர்தியைத் தொழிற்சாலையிலேயே முழுமையாகக் கட்டி விற்கும் வழக்கம், ஐக்கிய அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1925-இல் மாடல் டி வகையில் வெளியிட்ட பிக்கப் ஊர்தியால் பரவலாயிற்று. அமெரிக்கப் பிக்கப் ஊர்திகள் 1950-களின் நடுப்பகுதியில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் மின் அமைப்புக்கு மாறின. அங்கு 1993 செப்டம்பர் 1 முதல் உற்பத்தியாகும் இலகு சரக்குந்துகளில் உயரத்தில் அமைந்த மூன்றாம் நிறுத்தவிளக்கு கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் அறையின் பின்சுவர் மேல்விளிம்பில் நிறுத்தவிளக்கும் சரக்குவிளக்கும் ஒரே கூட்டினுள் வைக்கப்படும் அமைப்பு பொதுவானது. இந்த ஒருங்கிணைப்பு சில விந்தையான பழுதுகளுக்கு வழிவகுத்தது. அவை கீழே தனியே விளக்கப்பட்டுள்ளன.

இந்தியாவில் டாட்டா நிறுவனத்தின் டாட்டாமொபைல் 1988-இலும், தமிழகத்தில் குட்டியானை என்று பெயர் பெற்ற டாட்டா ஏஸ் 2005-இலும், அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இலும் விற்பனைக்கு வந்தன. மகிந்திரா நிறுவனத்தின் பிக்கப் ஊர்திகளும் ஊரகச் சாலைகளில் மிகுதி. இத்தகைய இந்திய ஊர்திகள் பலவற்றில் தொழிற்சாலை பொருத்தித் தருவது கூரைவிளக்கு மட்டுமே. சரக்குவிளக்கு பின்னர் உள்ளூர்ப் பட்டறையில் பொருத்தப்படுகிறது. ஆகவே அதன் கம்பி செல்லும் வழி, கம்பியின் நிறம், உருகியின் இடம் ஆகியவை எந்தக் கையேட்டிலும் இரா. ஒவ்வோர் ஊர்தியிலும் அதைப் பொருத்தியவர் வகுத்ததே வரைபடம்.

புதுச்சேரி ஊரகப் பகுதியில்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மேற்கு விளிம்பில், விழுப்புரம் - புதுச்சேரி நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் திருவாண்டார்கோயில். திருஞானசம்பந்தர் பாடிய வடுகூர்த் தலம் இங்குள்ளது. அண்மையிலுள்ள திருபுவனையும் இவ்வூரும் தொழிற்சாலைகள் அமைந்த பகுதிகளாகும். வில்லியனூர், பாகூர் வட்டாரங்கள் நெல்லும் கரும்பும் விளையும் ஆற்றுப் பாசன, ஏரிப் பாசன நிலங்கள். தொழிற்சாலைப் பொருள், காய்கறி, பால், மீன் என ஏற்றுவது எதுவாயினும் சிறு சரக்குந்தின் வேலை பெரும்பாலும் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். சந்தைக்குச் செல்லும் சுமை இருட்டில் ஏற்றப்பட்டு இருட்டிலேயே எண்ணப்படுகிறது. அப்போது சரக்குவிளக்கு எரியாவிட்டால் ஒருவர் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் ஒருவரே சுமக்க வேண்டியதாகிறது. விளக்கு இரவெல்லாம் அணையாமல் எரிந்திருந்தாலோ ஊர்தியே கிளம்பாது.

இப்பகுதியின் தட்பவெப்பமும் இச்சுற்றுக்கு உகந்ததன்று. கடல் அருகில் உள்ளது; வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊர்தியின் கதவிடுக்குகளை நனைத்தபடி இருக்கிறது. மீன் ஏற்றும் ஊர்திகளில் பனிக்கட்டி உருகிய உப்புநீர் சரக்குத் தளத்தின் கீழ் வழிந்து கம்பி முனைகளை அரிக்கிறது. நெல் மூட்டை ஏற்றும் ஊர்திகளை எலி நாடுகிறது. கம்பியின் மேலுறையைக் கடித்துச் செப்பை வெளிப்படுத்துவதில் எலிக்கு நிகரான பகை இல்லை என்பது பட்டறைகளில் அனைவரும் அறிந்தது.

சுற்றின் அமைப்பு

மின்கல அடுக்கின் நேர்முனையிலிருந்து வரும் மின்னோட்டம் உருகி வழியாக விளக்கை அடைகிறது. இவ்வழி சாவியைச் சார்ந்ததன்று. சாவி அகற்றப்பட்டிருந்தாலும் விளக்கின் ஒரு முனையில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். விளக்கின் மறுமுனையிலிருந்து செல்லும் கம்பி கதவுச் சட்டத்திலுள்ள ஆளியை அடைகிறது. கதவு மூடியிருக்கையில் ஆளியின் முளை அழுந்தித் தொடர்பு விலகி நிற்கும். கதவு திறக்கையில் வில்சுருள் முளையை வெளியே தள்ள, கம்பி ஊர்தியின் உடலோடு சேர்ந்து சுற்று நிறைவடைகிறது.

ஊர்தியின் இரும்பு உடலையே மின்கல அடுக்கின் எதிர்முனைக்குத் திரும்பும் வழியாகப் பயன்படுத்துவது புவியிணைப்பு எனப்படுகிறது. பட்டறை வழக்கில் இது எர்த். ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் ஊர்தி உண்மையில் நிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. வீட்டு மின்னிணைப்பிலிருந்து வந்த பெயர் இங்கும் நிலைத்துவிட்டது.

ஆளியைப் புவியிணைப்புப் பக்கத்தில் வைப்பதற்குக் காரணம் சிக்கனமே. கதவுக்கு ஒரே ஒரு கம்பி போதும்; ஆளியைப் பிடித்து நிறுத்தும் திருகாணியே இரண்டாவது கம்பியின் வேலையைச் செய்துவிடும். சப்பானிய ஊர்திகளும் இந்திய ஊர்திகளும் பெரும்பாலும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. பழைய ஃபோர்டு பிக்கப் ஊர்திகளில் இது தலைகீழாக, ஆளி நேர்முனைப் பக்கத்தில் அமைந்து, விளக்கு நிலையாக உடலோடு இணைந்திருக்கும். எந்த முறை என்பதை அறியாமல் சோதனையைத் தொடங்கினால் சரியான அளவீடும் தவறான முடிவைத் தரும்.

கூரைவிளக்கின் கூட்டில் பொதுவாக மூன்று நிலை கொண்ட சிறு ஆளி உண்டு. ஒரு நிலையில் விளக்கு எப்போதும் எரியும்; நடு நிலையில் அணைந்திருக்கும்; மூன்றாவது நிலையில் கதவோடு சேர்ந்து எரியும். மின்குமிழ் பெரும்பாலும் 5 வாட் அல்லது 10 வாட் திறனுடையது. 5 வாட் குமிழ் ஏறத்தாழ 0.4 ஆம்பியரும் 10 வாட் குமிழ் 0.8 ஆம்பியரும் எடுத்துக்கொள்கின்றன.

பழுதைப் பிரித்தறிதல்

கருவி எதுவும் எடுப்பதற்கு முன், மேற்கூறிய மூன்று நிலை ஆளியே ஒரு சோதனைக் கருவியாகப் பயன்படுகிறது. விளக்கு நிலையான நிலையில் எரிந்து, கதவு நிலையில் எரியாவிட்டால், உருகியும் நேர்முனைக் கம்பியும் மின்குமிழும் நலமாக உள்ளன என்பது உறுதி. பழுது விளக்கிலிருந்து கதவு ஆளி வரையிலான கம்பியிலோ ஆளியிலோதான் இருக்க முடியும். மாறாக, கதவு திறக்கையில் எரிந்து, நிலையான நிலையில் எரியாவிட்டால், விளக்குக் கூட்டைக் கூரையோடு இணைக்கும் திருகாணியின் புவியிணைப்பு கெட்டிருக்கிறது. அல்லது கூட்டிலுள்ள ஆளியின் தகடு தேய்ந்திருக்கிறது. ஒரு கதவுக்கு எரிந்து மற்றொரு கதவுக்கு எரியாவிட்டால், எரியாத கதவின் ஆளியும் அதற்குச் செல்லும் கிளைக்கம்பியும் மட்டுமே பார்க்கத் தக்கவை. எந்த நிலையிலும் எரியாதபோதுதான் மின்குமிழையும் உருகியையும் நாட வேண்டும். நடைமுறையில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் உருகியை மாற்றி, பின் குமிழை மாற்றி, இறுதியில் விளக்குக் கூட்டையே புதிதாக வாங்கிவிடுகின்றனர்.

உருகியைக் கண்ணால் பார்த்து நலம் என்று முடிவு செய்வது போதாது. பழைய ஊர்திகளிலுள்ள கண்ணாடிக் குழல் உருகியும் பீங்கான் உருகியும் முனைகளில் களிம்பு படிந்து, இழை அறுபடாமலேயே மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். சோதனை விளக்கின் ஒரு முனையை உடலோடு இணைத்து மறுமுனையால் உருகியின் இரு பக்கங்களையும் தொட வேண்டும். இரு பக்கமும் எரிந்தால் உருகி நலம். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் உருகியோ அதன் பிடியோ பழுது. இதே உருகி பல ஊர்திகளில் கடிகாரம், வானொலியின் நினைவகம் போன்ற பிறவற்றுக்கும் மின்னோட்டம் தருவதால், உள்விளக்கோடு சேர்ந்து வேறு எவை செயலிழந்தன என்று கவனிப்பது வழியைச் சுருக்கும்.

மின்குமிழ் வாங்குகையில் ஒரு குறிப்பு. இந்தியக் கடைகளில் கனரகச் சரக்குந்துகளுக்கான 24 வோல்ட் குமிழ்களும் அதே வடிவில் கிடைக்கின்றன. அவற்றை 12 வோல்ட் ஊர்தியில் பொருத்தினால் ஒளி ஏறத்தாழ பத்திலொரு பங்காகக் குறைந்துவிடும். கம்பியில் பழுது தேடிக் களைத்த பின்னரே குமிழின் அடியில் பொறித்திருக்கும் எண் கண்ணில் படுவதுண்டு.

புவியிணைப்பும் மின்னழுத்த வீழ்ச்சியும்

பழைய ஊர்தியில் பன்மானி காட்டும் 12 வோல்ட் எப்போதும் நம்பத்தக்கதன்று. பத்து இழைகள் கொண்ட கம்பியில் ஒன்பது அரித்துப்போய் ஓர் இழை மட்டும் எஞ்சியிருந்தாலும், குமிழைக் கழற்றிவிட்டு அளந்தால் முழு மின்னழுத்தமே தெரியும். பன்மானி மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் அரிப்பின் மின்தடை வெளிப்படுவதில்லை. குமிழைப் பொருத்தி, சுற்றில் மின்னோட்டம் பாயும்போது அளப்பதே சரியான முறை.

எடுத்துக்காட்டாக, எரியும் நிலையில் 10 வாட் குமிழின் மின்தடை ஏறத்தாழ 14 ஓம். கதவு ஆளியின் துருப்பிடித்த திருகாணி 5 ஓம் மின்தடையைச் சேர்த்தால் சுற்றில் 0.6 ஆம்பியருக்குச் சற்று மிகுதியாகவே மின்னோட்டம் பாயும். அத்துருவின் இரு பக்கமும் 3 வோல்ட் வீணாகும். குமிழின் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறையும். ஒளி அதனினும் குறைந்து செம்மஞ்சளாகத் தெரியும். இவ்வகையில் மங்கி எரியும் விளக்குக்குப் புதுக் குமிழ் மருந்தாகாது.

அளவிடும் முறை எளிது. விளக்கை எரியவிட்டு, பன்மானியின் ஒரு முனையை மின்கல அடுக்கின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்கின் புவியிணைப்பு முனையிலும் வைக்க வேண்டும். அளவீடு 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் திரும்பும் வழி நலம். 1 வோல்ட்டைத் தாண்டினால் அவ்வழியில் துரு, தளர்ச்சி, வண்ணப்பூச்சு ஆகியவற்றுள் ஒன்று குறுக்கிடுகிறது. முனையைப் படிப்படியாகக் கதவு ஆளியின் கம்பிக்கும், ஆளியின் உடலுக்கும், கதவுச் சட்டத்தின் வெற்றிரும்புக்கும் நகர்த்தினால், அளவீடு திடீரென விழும் இரு புள்ளிகளுக்கு இடையே பழுது இருக்கும். கம்பி எதையும் அறுக்காமல், எந்த உறையையும் குத்தாமல் பழுதின் இடத்தை விரலளவுக்குக் காட்டித் தரும் முறை இதுவேயாகும்.

கதவு ஆளி

கதவு ஆளி மழைநீர் வழியும் இடத்தில் அமைந்துள்ளது. அதன் ரப்பர் மூடி வெயிலில் வெடித்தபின் நீர் உள்ளே புகுந்து, முளை துருப்பிடித்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும், விளக்கு எரியாது. முளை வெளியே சிக்கினால் விளக்கு அணையாது. ஆளியைக் கழற்றுகையில் கம்பி சட்டத்தினுள் விழுந்துவிடாதபடி அதை ஒரு நூலால் கட்டிக்கொள்ள வேண்டும். விழுந்த கம்பியை மீட்பது அரை நாள் வேலையாகிவிடும்.

கழற்றிய ஆளியின் கம்பியை வெற்றிரும்பில் தொட்டால் விளக்கு எரிகிறதா என்பதே முடிவான சோதனை. எரிந்தால் கம்பி நலம், ஆளி பழுது. இச்சோதனை புவியிணைப்புப் பக்கத்தில் ஆளி அமைந்த ஊர்திகளுக்கு மட்டுமே உரியது. நேர்முனைப் பக்க ஆளி கொண்ட ஊர்தியில் அவ்வாறு தொட்டால் உருகி உருகிவிடும்.

ஆளி புதிதாக இருந்தும் எரியாமைக்கு அடிக்கடி காணப்படும் காரணம் வண்ணப்பூச்சாகும். டிங்கரிங் பணி முடிந்து கதவுச் சட்டத்துக்குப் புது வண்ணம் பூசப்படும்போது, ஆளி அமரும் துளையின் விளிம்பும் திருகாணித் துளையும் சேர்ந்தே பூசப்படுகின்றன. வண்ணம் மின்னோட்டத்தைக் கடத்தாது. துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வெற்றிரும்பை வெளிப்படுத்தி, ஆளியைப் பொருத்தியபின் சிறிது வாசலைன் அல்லது கிரீஸ் தடவினால் துரு மீண்டும் பிடிப்பது தாமதமாகும்.

அணையாத விளக்கு

எரியாத விளக்கைக் காட்டிலும் அணையாத விளக்கே கேடு மிக்கது. கூரையிலும் சரக்குத் தளத்திலும் தலா ஒரு 10 வாட் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் மொத்தம் 1.7 ஆம்பியர் செலவாகும். 60 ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள மின்கல அடுக்கு 18 மணி நேரத்தில் பாதி வெறுமையாகிவிடும். பழைய அடுக்கு அதற்கு முன்பே டீசல் எந்திரத்தைச் சுழற்றும் வலுவை இழந்துவிடும். சனிக்கிழமை மாலை நிறுத்திய ஊர்தி ஞாயிறு பிற்பகலிலேயே கிளம்ப மறுப்பதன் கணக்கு இதுதான். ஈய-அமில மின்கலங்கள் ஆழமாக வெறுமையாவதைத் தாங்குவதில்லை. சில முறை இவ்வாறு நேர்ந்தாலே அடுக்கின் ஆயுள் குறைந்துவிடும்.

கதவு ஆளிகளின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றும்போது விளக்கு அணைகிறதோ அந்தக் கதவை முதலில் ஆய வேண்டும். இரண்டையும் கழற்றிய பின்னும் எரிந்தால், கம்பி இடைவழியில் எங்கோ உறை கிழிந்து உடலைத் தொடுகிறது. கதவின் கீல் தளர்ந்து கதவு தொங்கியிருந்தாலும் முளை முழுதும் அழுந்தாது. இது மின்பழுதாகத் தோன்றும் பொறிப்பழுது. கீலைச் சரிசெய்வதே தீர்வு. அமெரிக்க ஊர்திகள் பலவற்றில் முகப்புப் பலகை ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை முற்றிலும் திருப்பிவிட்டால் உள்விளக்கு நிலையாக எரியும். வயரிங் முழுவதையும் அவிழ்ப்பதற்கு முன் அச்சக்கரத்தைத் திருப்பிப் பார்ப்பது நலம்.

கண்ணுக்குத் தெரியாமல் மின்னோட்டம் கசிகிறதா என அறிய, மின்கல அடுக்கின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே பன்மானியை ஆம்பியர் அளவில் வைக்க வேண்டும். எல்லாம் அணைந்த நிலையில் பழைய ஊர்தியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு. அதற்கு மேல் இருந்தால் உருகிகளை ஒவ்வொன்றாக எடுக்கையில் அளவீடு விழும் சுற்றே கசிவுடையது. பன்மானி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பி எந்திரத்தை இயக்கக் கூடாது. பன்மானியின் உள்ளுருகி உடனே போய்விடும்.

உருகி மீண்டும் மீண்டும் உருகுதல்

உருகி காப்பது விளக்கை அன்று, கம்பியை. உள்விளக்குச் சுற்றின் கம்பி மெல்லியது. அதற்கேற்ப 10 ஆம்பியர் அளவிலான உருகியே பல ஊர்திகளில் வைக்கப்படுகிறது. தகட்டு உருகிகளில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என நிறங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. சிவப்பு உருகி இருமுறை உருகியதும் பச்சையைச் செருகுவதும், கண்ணாடி உருகியின் மேல் சிகரெட் பெட்டியின் தாளையோ செப்பு இழையையோ சுற்றுவதும் சாலையோரத்தில் காணக்கூடிய வழக்கங்கள். இதன்பின் குறுக்குச்சுற்று ஏற்படும்போது உருகிக்கு மாறாகக் கம்பியே உருகும். அக்கம்பி கூரையின் உட்புறத் துணிக்கும் இருக்கையின் பஞ்சுக்கும் அருகில் செல்கிறது. மற்ற கம்பிகளோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருப்பதால் ஒரு கம்பியின் சூடு முழுத் தொகுதியையும் எரித்துவிடக்கூடும்.

குறுக்குச்சுற்றைத் தேடுகையில் உருகிகளை வீணாக்காமலிருக்க ஒரு முறை உண்டு. உருகியை எடுத்துவிட்டு, அதன் இரு பிடிகளுக்கும் இடையே 55 வாட் முகப்புவிளக்குக் குமிழ் ஒன்றை இணைக்க வேண்டும். குறுக்குச்சுற்று இருக்கும்வரை அக்குமிழ் முழு ஒளியோடு எரியும். அதன் இழையே மின்னோட்டத்தை ஏறத்தாழ 4.5 ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். இப்போது கம்பித் தொகுதியை முகப்புத் தூண், கூரையின் ஓரம், பின்சுவர் என ஒவ்வோரிடமாக மெல்ல அசைத்து வந்தால், பழுதான இடத்தை அசைக்கையில் குமிழ் அணையும். பழுது நீங்கியபின் உள்விளக்கு எரிந்தாலும் இக்குமிழ் எரியாது, உள்விளக்கின் சிறு மின்னோட்டம் அதன் இழையைச் சூடாக்கப் போதாமையால். அணைந்து எரியும் ஒரு விளக்கு, மனிதரின் கண்ணுக்குப் பன்மானியின் எண்ணைவிட விரைவில் செய்தி சொல்கிறது. ஒருவரே தனியாகப் பழுது பார்க்கையில் இது பெரிய உதவி. அக்குமிழ் கடுமையாகச் சூடேறுவதால் அதை இருக்கையின் மேல் வைத்தல் ஆகாது.

சரக்குவிளக்கு

சரக்குவிளக்கின் கம்பி ஓட்டுநர் அறையின் தரையோரமாகப் பின்சென்று பின்தூண் வழியே மேலேறும். அல்லது கூரையின் உட்புறமாகச் செல்லும். பின்சுவர்த் தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஒவ்வொரு குலுங்கலிலும் உறையைச் சிறிது சிறிதாக அறுக்கும். உள்ளூரில் துளையிட்டுப் பொருத்திய விளக்குகளில் குறுக்குச்சுற்றைத் தேட வேண்டிய முதலிடம் அத்துளையே. விளக்குக் கூட்டின் ரப்பர்ச் சுற்றுப்பட்டை இறுகிப் போனால் மழைநீர் கூட்டினுள் புகுந்து, கம்பி வழியே வழிந்து கூரையின் உட்புறத்தையும் நனைக்கும். உள்விளக்குக்கு அருகே ஈரக்கறை காணப்பட்டால் மேலேயுள்ள சரக்குவிளக்கை ஐயுற வேண்டும்.

சரக்குத் தளமும் ஓட்டுநர் அறையும் தனித்தனி உறுப்புகள். ரப்பர்த் தாங்கிகளின் மேல் சட்டத்தோடு பொருத்தப்படுபவை. எனவே தளத்தின் பக்கத் தகட்டிலோ மூடிய பெட்டியிலோ பொருத்திய விளக்கின் புவியிணைப்பை அத்தகட்டின் திருகாணியோடு விட்டுவிடுவது நிலைத்த வேலையாகாது. மரப்பலகை அடித்த தளத்தில் அது இயலவும் இயலாது. தனிப் புவியிணைப்புக் கம்பி ஒன்றை ஊர்தியின் அடிச்சட்டம் வரை கொண்டுவந்து, வண்ணம் சுரண்டிய இடத்தில் முடுக்குவதே முறை. நேர்முனைக் கம்பிக்கும் தனி உருகி, மின்கல அடுக்கின் அருகிலேயே, வேண்டும். கம்பிகளை முறுக்கி நாடா சுற்றுவதை விட, பற்றவைத்து வெப்பத்தில் சுருங்கும் உறை மாட்டுவதும், இணைப்பை அசையாதபடி கட்டுவதும் நெடுநாள் நிற்கும்.

நிறுத்தவிளக்கும் சரக்குவிளக்கும் ஒரே கூட்டில் அமைந்த ஊர்திகளில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே புவியிணைப்புக் கம்பிதான். அது அறுபட்டால், பிரேக்கை மிதிக்கையில் ஓட்டுநர் அறையின் விளக்கு மங்கலாக எரியும் வினோதம் நிகழ்வதுண்டு. நிறுத்தவிளக்கின் குமிழைக் கடந்த மின்னோட்டம் திரும்பும் வழி இல்லாமல் சரக்குவிளக்கின் குமிழ் வழியே பின்னோக்கிச் சென்று, அதனோடு இணைந்த உள்விளக்கின் வழியாக உடலை அடைகிறது. மூன்று குமிழ்களும் தொடராக நிற்பதால் எதுவும் முழுமையாக எரிவதில்லை. ஆளி நேர்முனைப் பக்கத்தில் அமைந்த ஊர்திகளில் இதைக் காணலாம். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இப்பழுதின்போது மூன்றாம் நிறுத்தவிளக்கு செயலிழந்திருக்கிறது என்பதையும் கருத வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன் 108-ஆம் விதிப்படி ஊர்தியின் பின்புறம் சிவப்பு அல்லாத ஒளியைக் காட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. ஊர்தியின் உள்விளக்கு, பதிவெண் பலகையின் வெள்ளை விளக்கு, பின்னோக்கிச் செல்கையில் எரியும் வெள்ளை விளக்கு ஆகியவை விலக்குப் பெற்றவை. 7 வாட்டுக்கு மிகாத குமிழும், ஒளியைப் பரப்பும் மங்கல் கண்ணாடியும் கொண்ட விளக்குக்கும் விலக்கு உண்டு. சந்தையில் கிடைக்கும் கூரிய வெள்ளொளி எல்.இ.டி. பட்டைகள் இவ்வரையறையில் அடங்குபவை அல்ல. அவற்றை எரியவிட்டபடி நெடுஞ்சாலையில் செல்வது பின்வரும் இருசக்கர ஓட்டியின் கண்ணைக் கூசச் செய்வதோடு நிறுத்தவிளக்கையும் மறைத்துவிடும். சரக்குவிளக்கைக் கீழ்நோக்கித் திருப்பிப் பொருத்துவதும், முகப்புப் பலகையில் அதன் ஆளிக்கு அருகே எரிகிறது என்று காட்டும் சிறு விளக்கு வைப்பதும் பயன் தரும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் தம் பின்னே எரிவது தெரிவதில்லை.

சரக்கு ஊர்திகளுக்கான தகுதிச் சான்று, 2018-இல் திருத்தப்பட்ட விதியின்படி, எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பழைய ஊர்தியின் விளக்குகளை முழுமையாகப் பார்க்க அதுவே வாய்ப்பான தருணம்.

எல்.இ.டி. விளக்குகள்

பழைய குமிழுக்கு மாற்றாக எல்.இ.டி. பொருத்துவதால் மின்செலவு பெரிதும் குறைகிறது. ஆனால் பழைய சுற்றின் குறைகளை அது வெளிப்படுத்தவும் செய்யும். ஈரம் படிந்த கதவு ஆளியில் கசியும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் பழைய குமிழின் இழையைச் சிவக்கக்கூடச் செய்யாது, எல்.இ.டி.யோ அதிலேயே மங்கலாக ஒளிரும். கதவு மூடிய பின்னும் மின்மினி போல் ஒளிர்ந்தால் ஆளியைத் துடைத்து உலர்த்த வேண்டும். நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் பல எல்.இ.டி.கள் எரியா, திருப்பிச் செருகினால் எரியும்.

வெள்ளத்தில் நனைந்த ஊர்திகள்

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. தொடர்ந்து சங்கராபரணி, தென்பெண்ணை ஆறுகளில் வெள்ளம் பெருகி, வில்லியனூர், பாகூர் பகுதிகளில் நீர் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற ஊர்தியில் எந்திரத்தைச் சரிசெய்வதிலேயே கவனம் செல்வது இயல்பு. உள்விளக்குச் சுற்றின் கேடு பின்னரே வெளிப்படுகிறது. கதவின் கீழ்ப்படியோரம் மிதியடிக்கு அடியில் செல்லும் கம்பித் தொகுதி நீரில் ஊறுகிறது. செப்பிழைகளின் இடுக்கில் நீர் நுண்துளை ஏற்றத்தால் உறைக்குள்ளேயே மேலேறி, சில வாரங்களில் பச்சைக் களிம்பாக மாறுகிறது. வெளியே உறை புதிதுபோல் இருக்க, உள்ளே கம்பி பொடியாகியிருக்கும்.

நீர் வடிந்தவுடன் முதலில் மின்கல அடுக்கின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். 12 வோல்ட் இணைந்த நிலையில் ஈரமான முனைகள் மின்னாற்பகுப்பால் சில நாட்களிலேயே அரித்துவிடும். இணைப்பு நீக்கப்பட்டால் அரிப்பு மிக மெதுவாகவே நிகழும். பின் மிதியடியையும் அதன் அடியிலுள்ள பஞ்சையும் எடுத்து வெயிலில் போட்டு, தரையோரக் கப்ளர்களைப் பிரித்து நல்ல நீரால் சேற்றைக் கழுவி, முற்றிலும் உலர்ந்த பின்னரே சேர்க்க வேண்டும். கதவு ஆளிகள் விலை குறைந்தவை; அவற்றைத் துடைத்துப் பார்ப்பதை விடப் புதிதாக மாற்றிவிடுவதே சிக்கனம். களிம்பேறிய கம்பியில் பழுதான முனையை மட்டும் வெட்டிப் புதிய துண்டைச் சேர்ப்பவர்கள், வெட்டிய இடத்தில் செப்பு செந்நிறமாகப் பளிச்சிடும்வரை பின்னோக்கி வெட்டிச் செல்ல வேண்டும். கருத்த செப்பில் ஈயம் ஒட்டாது.